விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

ஜனவரி 11

அன்புத் தங்கைக்கு அண்ணன் சொல்லி, கீழ்வீட்டுத் தையற்காரம்மா எழுதுவது.

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் வெள்ளத்தில் போனது. டிராம் வண்டி கடைசியாக ஓடி நின்றது. நம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. இந்த மூன்றும் நடந்த வருஷத்தில்தான் உன்னைச் சினிமா ஸ்டூடியோவில் ஷூட்டிங் நடக்கும் மூன்றாம் ஃப்ளோருக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. நடந்தது தெரியும். உனக்கு அப்போது இருபது வயது. கதாநாயகி மேக்கப் அறையில் இருக்கும் நேரத்தில், அவள் உயரமும் நிறமும் உள்ள ஒருத்தி அவள் இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். அந்த முகத்தை வைத்து லைட்மேன்கள் நாங்கள் விளக்கு கட்டுவோம். எல்லாம் சரியானதும் அவள் வந்து உட்காருவாள், நீ எழுந்து போய்விடுவாய். ஒரு படத்திலும் உன் முகம் கிடையாது. ஆனால் ஆறு வருஷம் எங்கள் விளக்கெல்லாம் முதலில் விழுந்தது உன் மேல்தான்.

உன் மகளின் கடிதம் நேற்று வந்தது. போனில் பேசுவது எனக்கு வீண். ஜெனரேட்டர் பக்கத்தில் நாற்பது வருஷம் நின்ற காது. உனக்கு வலது கண் முழுக்கப் போய்விட்டதாம், இடது கண்ணும் இந்த வருஷம் தாங்குவது சந்தேகமாம். ஆகஸ்ட் கடைசியில் அவளுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் ஆகிறதாம், அதனால் உன்னை முதியோர் விடுதியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள்.

வேண்டாம் பாப்பா. நீ இங்கே வந்துவிடு. அதுவும் அந்தக் கண் போவதற்கு முன்னால் வா. இந்த அறையையும் படியையும் அடுப்படியையும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு இருட்டிலும் உன் வீடுதான். பார்க்காத இடத்துக்குக் குருடாக வந்தால் அது என்றைக்கும் அந்நிய இடம்.

எனக்கு முட்டிவலி தவிர குறையில்லை. எரிச்சல் முதலில் எந்தக் கண்ணில் வந்தது என்று மட்டும் எழுது.

உன் அண்ணன்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், மகளோடு நன்றாகச் சண்டை போடுகிறேன். அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை.

எரிச்சல் எந்தக் கண்ணிலும் இல்லை. ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. நீங்கள் விளக்கின் இரண்டு கதவையும் மெதுவாக மூடுவீர்களே, அந்த மாதிரி. இப்போது நடுவில் ஒரு கதவிடுக்கு மட்டும் திறந்திருக்கிறது. அதன் வழியாகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்தொன்று. "கிழவனும் கிழவியும் சேந்து யாரை யாரு தூக்கறது?" என்று மகள் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். விடுதியில் ஆள் இருக்கிறார்கள், மணி அடித்தால் வருவார்கள். நீங்கள் மணி அடித்தால்கூட உங்களுக்கே காது கேட்காது.

அண்ணி போய் ஒன்பது வருஷமாகத் தனியாகப் பழகியவர் நீங்கள். என்னைச் சுமையாக ஏற்றிக்கொள்ள வேண்டாம். தையற்காரம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது.

தங்கை

பிப்ரவரி 24

அன்புத் தங்கைக்கு,

முட்டிவலிக்கு எண்ணெய் மாற்றினேன், பரவாயில்லை. உன் சாப்பாடும் சண்டையும் குறையாமல் இருக்கட்டும்.

சுமை என்று எழுதியிருந்தாய். தையற்காரம்மா அந்த வரியை வாசித்தபோது, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். பிறகு கடைக்குப் போய் பெயின்ட் வாங்கி வந்தேன். அதுதான் என் பதில்.

செட்டில் வெள்ளைச் சுவர் வேண்டுமென்றால் நாங்கள் வெள்ளை அடிக்க மாட்டோம், உனக்கே தெரியும். வெள்ளை, விளக்கைத் திருப்பி அடிக்கும். சாம்பல் கலந்து அடித்தால் திரையில் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை விரிப்பைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுப்போம். உன் அறைக்கும் அதையே செய்திருக்கிறேன். கண் கூசக்கூடாது. சுவர் மங்கல், கதவுச் சட்டம் கறுப்பு. அப்போதுதான் வாசல் எங்கே என்று தூரத்திலிருந்தே தெரியும். பதினான்கு படிக்கும் விளிம்பில் வெள்ளைப் பட்டை.

காலை எட்டு மணி வெயில் கட்டில் காலில் விழுகிறது. பதினொன்றுக்கு எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி உன் முகத்துக்கு வரும். அதற்கு ஒரு கட்டர் செய்துவிட்டேன். சட்டத்தில் கறுப்புத் துணி கட்டி ஜன்னலில் மாட்டியிருக்கிறது.

ஒரே குறை பல்பு. இப்போது நல்ல சரக்கே வருவதில்லை. கட்டிலுக்கு மேலே போட்ட பல்பைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம். துடைத்தும் போகவில்லை. நாளைக்கு மாற்றிவிடுவேன்.

உன் அண்ணன்

(தையற்காரி எழுதுவது: எனக்கு அந்த பல்பு நல்லாத்தான் தெரியுது. சொன்னா, "பட்டன் வைக்கறவளுக்கு விளக்கைப் பத்தி என்ன தெரியும்"ங்கறார். எங்க வாசல்படிக்கும் சேர்த்து பட்டை அடிச்சிட்டார். நான் கேக்கவே இல்லை.)

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

முட்டி எப்படி இருக்கிறது? என் ரத்த அழுத்தம் ஒழுங்காக இருக்கிறதாம், அதில் மட்டும் நான் நல்ல பிள்ளை.

நான் வீட்டுக்கு வர வேண்டுமா, ஷூட்டிங்குக்கா? உங்கள் கடிதத்தை மகளிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள். திரும்பி வந்து, "மாமா அடுப்படிக்கு என்ன கலர் அடிக்கறாருன்னு கேளும்மா" என்றாள். அவள் சம்மதத்தை அப்படித்தான் சொல்வாள்.

என் சம்மதம் இன்னும் பாக்கி. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். என்னைப் பார்க்க ஆசைப்பட்டுக் கூப்பிடுகிறீர்களா, பாவப்பட்டுக் கூப்பிடுகிறீர்களா? ஆசை என்றால் வருவேன்.

தங்கை

ஏப்ரல் 16

அன்புத் தங்கைக்கு,

உடம்பு இருக்கிறது, ஓடுகிறது. அடுப்படிக்கு இளம் பச்சை. உன் மகளிடம் சொல்.

நீ கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன்.

அறை முடிந்தது. ஆனால் ஆளை உட்கார வைத்துப் பார்க்காமல் விளக்கு முடிந்ததாக எந்த லைட்மேனும் சொல்ல மாட்டான். அதனால் தையற்காரம்மாவை உன் இடத்தில் உட்காரச் சொன்னேன். "நான் எதுக்கு?" என்றாள். "என் தங்கச்சி வர்ற வரைக்கும் அவளுக்குப் பதிலா" என்றேன். "அவங்களே இன்னொருத்திக்குப் பதிலா உக்காந்தவங்கன்னு சொன்னீங்க. இப்ப அவங்களுக்குப் பதிலா நானா? நாளைக்கு எனக்குப் பதிலா யாரு, பூனையா?" என்று கேட்டுவிட்டு, கையில் சட்டையோடு வந்து உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அசைந்தாள். உன்னைப் போல ஒருத்தி பிறக்க வேண்டும்.

அந்த பல்பு மட்டும் அடங்கவில்லை. நான்காவது மாற்றியாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து ஒயரைப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறான். மின்சாரத்தில்தான் கோளாறு, அவனுக்குப் பிடிபடவில்லை. போன வாரம் நானே அடித்த பட்டையைத் தாண்டிக் காலை வைத்து மூன்று படி சறுக்கினேன். பட்டை கோணல், திரும்ப அடிக்க வேண்டும்.

உன் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் முதல் கடிதத்தில் வரிகள் நேராக நின்றன, இதில் வலது பக்கம் கீழே இறங்குகின்றன. எழுத்தும் பெரிசு. ஒரு பக்கத்தில் வந்தது மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. சீக்கிரம் வா பாப்பா.

ஆசையா பாவமா என்று கேட்டாய். இரண்டும் இல்லாமல் மூன்றாவது ஒன்று இருக்கிறது. நீ வருவதற்கு முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதத்தில் வாய் வரவில்லை.

உன் அண்ணன்

மே 2

அண்ணா,

நலம். நேராகக் கேட்கிறேன், பதில் உடனே வேண்டும்.

அந்த வளையம் உங்கள் அறை பல்பைச் சுற்றி மட்டும்தானா? தெருவிளக்கைச் சுற்றியும் தெரிகிறதா? பஸ்ஸின் முன்விளக்கு? உள்பக்கம் நீலமும் வெளிப்பக்கம் சிவப்புமா? படி சறுக்கியபோது பட்டை கண்ணில் பட்டதா, படவே இல்லையா? நெற்றி வலிக்கிறதா?

தையற்காரம்மா, இதை அவருக்கு இரண்டு தடவை வாசியுங்கள். இனிமேல் பல்பு வாங்க விடாதீர்கள்.

தங்கை

மே 15

அன்புத் தங்கைக்கு,

வளையம் தெருவிளக்குக்கும் இருக்கிறது. ஊர் மின்சாரமே கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நானும் சொல்கிறேன். அதை விடு. இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன்.

நீ ஃப்ளோருக்கு வந்து ஆறாவது வருஷம். காலைநேரக் காட்சி. ஜன்னல் வழியாக வெயில் வந்து நாயகியின் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பெரிய ஆர்க் விளக்கைப் பலகை மேல் ஏற்றியிருந்தேன். ஆர்க்கின் உள்ளே இரண்டு கார்பன் குச்சி எரியும். அந்த நெருப்பைக் கண்ணால் பார்க்கக்கூடாது, அதனால் முன்னால் ஒரு கனத்த கண்ணாடி உண்டு. கெட்டதை அது வடிகட்டும். அன்றைக்கு அந்தக் கண்ணாடி விரிசல் விட்டுக் கையோடு வந்துவிட்டது. மாற்றுக் கண்ணாடி எடுக்க வண்டி போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேமராமேன் கீழே நின்று, "என்னய்யா, வெயில் வருமா, நாளைக்கு வரட்டுமா?" என்று கத்தினார். நான் கண்ணாடி போனதை அவரிடம் மறைத்து, அது இல்லாமலே விளக்கை எரிய விட்டேன்.

நாயகி வரும் முன்னால் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அதுவரை அந்த நாற்காலியில் இருந்தது நீ. ஒன்றேகால் மணி நேரம், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. கேமராமேன், "பாப்பா, கண்ணைத் தூக்கு" என்றபோதெல்லாம் தூக்கினாய்.

மறுநாள் கண்ணில் மணல் கொட்டின மாதிரி என்று அழுதாய். ஐந்து நாள் ஈரத்துணியோடு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். அம்மா கேட்டபோது, செட்டில் மரம் அறுத்த தூள் விழுந்திருக்கும் என்று சொன்னேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு நீ ஃப்ளோருக்கு வரவில்லை. அடுத்த மாதமே கல்யாணம், இந்த ஊரை விட்டே போய்விட்டாய். வருஷா வருஷம் உன் கண் நன்றாக இருக்கிறதா என்று விசாரிப்பேனே, அது மரியாதைக்குக் கேட்டதல்ல.

உன் கண்ணை எடுத்தது நான். என்னை வைத்துக்கொண்டு இருக்க முடியுமானால் வா. முடியாது என்றாலும் உன் அறை அப்படியே இருக்கும்.

உன் அண்ணன்

(தையற்காரி: நடுவுல நான் பேனாவை வெச்சிட்டேன். "எழுதும்மா, நிறுத்தினா நானும் நிறுத்திருவேன்"னார். அதனால எழுதினேன்.)

ஜூன் 24

அன்புத் தங்கைக்கு,

நீ சௌக்கியமா? நாற்பது நாள் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டுகிறார்.

கோபம் என்றால் திட்டி எழுது. உன் மகளை எழுதச் சொன்னாலும் சரி. திட்டாமல் மட்டும் இருக்காதே.

உன் அண்ணன்

ஜூலை 3

அண்ணா,

இதை நர்ஸ் எழுதுகிறாள். எனக்கு ஆபரேஷன் நடந்தது. இடது கண் மிச்சம் இருக்கிறது, இனி எழுதத்தான் போதாது. உங்கள் மே மாதக் கடிதம் வந்த அன்று என்னால் வாசிக்க முடியவில்லை. மகளை வாசிக்கச் சொல்லவும் மனசில்லை. ஏப்ரலில் நீங்கள் சொல்லாமல் விட்டதிலிருந்து, அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் மாமாவைப் பற்றி அவள் வாயாலேயே அதை வாசிக்க வேண்டுமா? தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். முந்தாநாள்தான் இந்தப் பெண் வாசித்தாள். வாசித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அதையும் எழுதச் சொல்கிறேன், எழுத மாட்டேன் என்கிறாள்.

அண்ணா, ஆறு வருஷம் விளக்கு முன்னால் உட்கார்ந்தவளுக்கு, முன்னால் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாதா? கண்ணாடி வழியாக வந்தால் மடியில் என் கை தேன் நிறமாக இருக்கும். அன்றைக்கு நீலம் பாரித்து, செத்தவள் கை மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், பலகை மேல் நீங்கள் வேறு பக்கம் திரும்பி நின்றீர்கள். எழுந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். உங்களை ஸ்டூடியோ கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். அதனால் உட்கார்ந்தேன். மரத்தூள் என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னபோது, ஈரத்துணிக்கு உள்ளே நானும் "ஆமா" என்றேன். மறந்துவிட்டீர்களா?

கல்யாணம் பண்ணிக்கொண்டு போனது கண்ணால் இல்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் உங்களால்தான் நடந்தது என்று நினைக்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். ஆர்க் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அது ஐந்து நாளில் ஆறிப்போன புண், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். என் கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பைக் கொன்றிருக்கிறது. ரத்தத்தில் வருவது. அம்மா கடைசி வருஷங்களில் சுவரைத் தடவி நடந்தாளே, வயசு என்று நினைத்தோமே, அது இதுதான். எனக்கு இது தொடங்கியபோது முதலில் என்ன தெரிந்தது தெரியுமா? விளக்கைச் சுற்றி வானவில் வளையம். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். நீங்கள் பல்பை மாற்றுகிறீர்கள்.

ஊர் மின்சாரம் நன்றாக இருக்கிறது அண்ணா. கண்ணைப் போய்க் காட்டுங்கள். இப்போதே போனால் காப்பாற்றலாம், நான் மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். நீங்கள் காட்டிவிட்டு வந்து எழுதினால்தான் நான் ரயில் ஏறுவேன். இது நிபந்தனை.

ஆசையா, பாவமா, மூன்றாவதா என்று இனி கேட்க மாட்டேன். எனக்கு ஆசைதான்.

தங்கை

ஜூலை 16

அன்புத் தங்கைக்கு,

ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். நர்ஸ் பெண் நன்றாக இருக்கட்டும்.

உன் கடிதத்தைத் தையற்காரம்மா வாசித்து முடித்தாள். அவள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, "செருப்பைப் போடுங்க" என்றாள். இரண்டு பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் என் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, சின்ன விளக்கு ஒன்றைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தார். "இதுக்கு முன்னால கண்ணாடி இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். "எல்லாம் இருக்கு, நீங்க அசையாம உக்காருங்க பெரியவரே" என்றார். கால் மணி நேரம் இருக்கும். கழுத்து வலித்தது, கண் கலங்கியது, எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நீ ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தாய். தெரிந்தே உட்கார்ந்தாய். பாப்பா, நான் என்ன சொல்ல.

நீ சொன்ன வியாதிதான். ஓரம் கொஞ்சம் போயிருக்கிறது, அதனால்தான் படி தப்பியிருக்கிறது. நடு நன்றாக இருக்கிறதாம். போனது திரும்பாது, இருப்பதை மருந்து வைத்து நிறுத்திவிடலாம் என்கிறார். கோணல் என்று நினைத்த பட்டையைத் தையற்காரம்மா நூல் பிடித்துப் பார்த்தாள். நேராகத்தான் இருக்கிறது.

உன் நிபந்தனை தீர்ந்தது. ரயில் வரும் நாளை மகளை எழுதச் சொல். பகல் வண்டியாகப் பார்த்து ஏறு, முதல் தடவை அறையை வெயிலில் பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மருந்தைத் தினம் இரண்டு வேளை, இரண்டு கண்ணிலும் சொட்டாக விட வேண்டும். எனக்குக் கை நடுங்குகிறது, கன்னத்தில்தான் விழுகிறது. ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டு எழுதுகிற பெண், "சொட்டு விடறதுக்கு வீட்டு ஆள் யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்கு யோசனை எங்கேயோ போய்விட்டது. அம்மா இருந்தால் விடுவாள், அவளுக்கே கண் போய், போயும் சேர்ந்தாள் என்று ஆரம்பித்தேன். நம் பெரியண்ணன் பாலம் திரும்பக் கட்டின வருஷம் போனார். உன் அண்ணி இருந்தவரை எனக்கு நகம் வெட்டுவதுகூட அவள்தான். வீட்டு ஆள் என்றால் ஃப்ளோரில் இருந்தவர்களும்தானே? கேமராமேன் கை நடுங்காத மனிதர், மூன்றாம் ஃப்ளோரை இடிப்பதற்கு முந்தின வாரம் போனார். சுவருக்குச் சாம்பல் கலக்கும் பெயின்டர் போனான். நாயகியும் போன மழையில் போய்விட்டாள், பேப்பரில் படம் போட்டார்கள்.

அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இருக்கறவங்களை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"தங்கச்சி இருக்கா" என்றேன்.